துயரம் கதையாகும்போது



1997-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள். தில்லி மாநகரின் கிரீன் பார்க் பகுதியிலுள்ள உபகார் திரையரங்கில் ‘பார்டர்’ என்னும் இந்திப் படத்தின் பிற்பகற் காட்சி நடந்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்து மின்மாற்றியில் பற்றிய தீ, அருகே நிறுத்தியிருந்த மோட்டார் வண்டிகளுக்குப் பரவிற்று. எழுந்த புகை பால்கனியைச் சூழ்ந்தது. வெளியேறும் வழி அடைபட்டிருந்தமையால் 59 பேர் மூச்சுத் திணறி மாண்டனர்.

இதனை விபத்து என்று கூறி மறந்துவிட, பிள்ளைகளைப் பறிகொடுத்தோர் இசையவில்லை. மகளையும் மகனையும் ஒருசேர இழந்த நீலம் கிருஷ்ணமூர்த்தியும் அவர் கணவர் சேகர் கிருஷ்ணமூர்த்தியும் ஏனைய குடும்பங்களுடன் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தனர். அரங்கின் உரிமையாளர் முதலானோர் குற்றவாளிகள் என 2007-ஆம் ஆண்டில் விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கின் ஆவணங்களைச் சிதைத்த குற்றமும் 2021-ஆம் ஆண்டில் உறுதிப்பட்டது. இவ்வாறு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றப் படிகளில் ஏறியிறங்கிய பெற்றோர், தம் போராட்டத்தை 2016-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டனர். அந்நூலே 2023-ஆம் ஆண்டு ஜனவரியில் ஏழு பகுதிகள் கொண்ட தொடர்நாடகமாகித் திரைக்கு வந்தது.

அதனைத் தடுக்குமாறு தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியவர், தண்டனை பெற்ற உரிமையாளருள் ஒருவர். நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. நூல் வெளிவந்து ஆண்டுகள் பல சென்றும் அதனை எதிர்த்து அவர் வழக்காடவில்லை என்பதையும் சுட்டிக்காட்டிற்று.

இங்கே நாம் சிந்திக்கவேண்டிய வினா ஒன்று உண்டு. நடந்த குற்றத்தை நாடகமாக்கும் உரிமை எவருக்கு உரியது?

இதற்குச் சட்டம் தந்த விடை தமிழ்நாட்டு வழக்கொன்றில் பிறந்தது. மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை வெளியிட ‘நக்கீரன்’ இதழ் முற்பட்டபோது, சிறை அதிகாரிகள் அதைத் தடுக்க முனைந்தனர். 1994-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. தன் வாழ்வையும் தன் குடும்ப வாழ்வையும் பிறர் கண்ணினின்று காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு. எனினும் நீதிமன்ற ஏடுகளிலும் பிற பொது ஏடுகளிலும் பதிவானவற்றை எவரும் எழுதலாம் என்றது. பாலியல் வன்கொடுமை, ஆட்கடத்தல் போன்றவற்றிற்கு ஆளான பெண்ணின் பெயரை மட்டும் வெளியிடலாகாது என்று விலக்கும் கூறிற்று.

ஆகவே, ஏட்டில் ஏறிய குற்றத்தை நாடகமாக்க, இறந்தவரின் தாயைக் கேட்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில், பலரைக் கொன்ற ஒருவனின் வரலாறு தொடர்நாடகமாக வந்தபொழுது, பலியானோரின் உறவினர் சிலர் தம்மை எவரும் கேட்கவில்லை என்று வருந்தினர். அவருள் ஒரு பெண்மணி, தாம் நீதிமன்றத்தில் கதறிய காட்சியையே ஒரு நடிகை நடிக்கக் கண்டார்.

உபகார் குடும்பத்தினருக்கோ, நாடகம் மற்றுமொரு சாட்சியாயிற்று. நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் தேங்கிய குறை நாட்டு மக்களின் செவிக்கு எட்டிற்று. இரண்டும் உண்மைக் குற்றத்தின் நாடகங்களே. இரண்டிலும் குடும்பங்களின் புண் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் ஒன்றில் அதனைத் திறந்தவர்கள் புண்பட்டவர்களே, மற்றொன்றில் அயலார்.

உண்மையை மறைத்துவிடக்கூடாது என்பதற்காகவே சட்டம் அந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அது தேவையே, இல்லையேல், குற்றம் புரிந்தோரே நாடகத்தைத் தடுத்திருப்பர். ஆயினும், திறந்த வீடாயினும் துக்க வீட்டிற்குள் நுழைவோர் சற்றுத் தயங்கி நின்று குரல் கொடுப்பது நம் வழக்கம் அன்றோ? நாடகம் ஆக்குவோருக்கும், அதனைக் கண்டு களிக்க அமரும் நமக்கும், அந்தத் தயக்கம் வேண்டும்.