லாம்ப்டாமூ

லாம்ப்டாமூ என்பது இணையத்தின் வழியாகப் பலர் ஒரே நேரத்தில் நுழைந்து உலவவும் உரையாடவும் இடமளித்த, முழுவதும் எழுத்தாலான மெய்நிகர் உலகம் ஆகும். இது அமெரிக்காவின் ஜெராக்ஸ் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் பாவெல் கர்டிஸ் என்பவரால் 1990 இல் தொடங்கப்பட்டது. இணையக் குழுமங்கள் எவ்வாறு தோன்றித் தம்மைத் தாமே ஆண்டுகொள்கின்றன என்பதை ஆராய்வோர் பெரிதும் எடுத்தாளும் எடுத்துக்காட்டுகளுள் இதுவும் ஒன்று.

தோற்றமும் அமைப்பும்

இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978 இல் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த "மட்" என்னும் பல்பயனர் விளையாட்டின் வழிவந்ததே லாம்ப்டாமூ. ஆயினும் இங்கு வெல்லவேண்டிய பகைவரோ, ஈட்டவேண்டிய புள்ளிகளோ இல்லை. கர்டிசின் சொந்த வீட்டை ஒட்டி அமைக்கப்பட்ட ஒரு மாளிகையே இதன் மையம். பயனர்கள் நிரல் எழுதிப் புதிய அறைகளையும் பொருட்களையும் உருவாக்கலாம். நிர்வாகிகள் "மந்திரவாதிகள்" எனப்பட்டனர்.

1992 டிசம்பரில், மந்திரவாதிகள் இனித் தொழில்நுட்பப் பணிகளை மட்டுமே கவனிப்பர் என்றும், பயனர்களிடையே எழும் பிணக்குகளில் தலையிடமாட்டார்கள் என்றும் கர்டிஸ் அறிவித்தார்.

பங்கிள் நிகழ்வு

1993 இல் "மிஸ்டர் பங்கிள்" என்ற புனைபெயர் கொண்ட பயனர், பிறர் செய்யாத செயல்களை அவர்களே செய்வதுபோல் திரையில் காட்டும் ஒரு நிரலைப் பயன்படுத்தி, பொது அறையில் இருந்தோர் மீது எழுத்துவழிப் பாலியல் வன்முறை நிகழ்த்தினார். அவரை நீக்குமாறு பாதிக்கப்பட்டோர் கோரினர். பயனர்கள் கூடி விவாதித்தும் முடிவு எட்டப்படவில்லை. தண்டிப்பதற்குச் சட்டமோ, தீர்ப்பளிப்பதற்கு மன்றமோ அங்கு இருக்கவில்லை. இறுதியில் மந்திரவாதி ஒருவர் தாமாகவே அக்கணக்கை நீக்கினார்.

ஆட்சிமுறை

இதன் பின்னர் விண்ணப்பம், வாக்கெடுப்பு ஆகிய முறைகளைக் கர்டிஸ் ஏற்படுத்தினார். போதிய கையொப்பம் பெற்ற விண்ணப்பம் வாக்கெடுப்புக்கு விடப்படும். எதிர்ப்பு வாக்குகளைப்போல் இருமடங்கு ஆதரவு கிடைத்தால் அது நிறைவேறும். பிணக்குகளைத் தீர்க்க நடுவர் முறையும் உருவானது. எனினும், தொழில்நுட்ப முடிவுகளையும் சமூக முடிவுகளையும் முற்றாகப் பிரிக்க இயலாது என்று கூறி, 1996 மே மாதத்தில் மந்திரவாதிகள் மீண்டும் சமூக முடிவுகளை எடுக்கலாயினர்.

ஆய்வுகள்

பங்கிள் நிகழ்வு குறித்து ஜூலியன் டிபெல் 1993 டிசம்பரில் "வில்லேஜ் வாய்ஸ்" இதழில் எழுதிய கட்டுரை பரவலான விவாதத்தைத் தோற்றுவித்தது. இங்கு சட்டம் உருவான விதத்தை ஜெனிபர் ம்னூக்கின் 1996 இல் ஆராய்ந்தார். ஆய்வாளர்கள் பெருகியபோது, இங்கு நிகழும் உரையாடல்களை மேற்கோள் காட்டுமுன் உரியவர்களின் இசைவைப் பெறவேண்டும் என்ற வேண்டுகோள் நுழைவுத் திரையிலேயே இடம்பெற்றது. புனைபெயருக்குப் பின்னால் இருப்பவரும் மதிக்கப்படவேண்டியவரே என்னும் இக்கருத்து, இணையவழி ஆய்வின் அறநெறிகளுள் ஒன்றாக இன்றும் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

மெய்நிகர் உலகம்
இணையக் குழுமம்
ஆய்வு அறநெறி