கவசமும் நடுகல்லும்

போன மாசம் ஒரு ரைடிங் ஜாக்கெட் வாங்கினேன். தோள், முழங்கை, முதுகுன்னு மூணு இடத்துலயும் உள்ளே பேடு வெச்சது. அதைப் போட்டுக்கிட்டு ஓசூர்ல வழக்கமா டீ குடிக்கிற கடைக்குப் போனா, மாஸ்டர் அண்ணன் மேலேயும் கீழேயும் பார்த்துட்டு, "என்ன தம்பி, எந்த நாட்டு மேல படையெடுப்பு?"ன்னு கேட்டார். கடையில இருந்த அத்தனை பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வெச்சேன், வேற வழி? :-)

அந்த வாரக் கடைசியிலயே கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டி வந்தது. அங்கே நடுகற்கள் முன்னாடி நின்னப்போ டீக்கடை அண்ணன் கேட்ட கேள்வி திரும்ப ஞாபகம் வந்தது. சண்டையில செத்துப்போன ஆட்களுக்கு நட்ட கல் இதெல்லாம். ஒருத்தன் உடம்புலயும் கவசம் இல்லை. ஏன்? அங்கே ஆரம்பிச்சதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே.

நம்ம எல்லாருக்கும் 'கவசம்'ங்கிற வார்த்தை முதல்ல அறிமுகமானது கந்த சஷ்டி கவசத்துலதான். தேவராய சுவாமிகள் பாடினது. தலையிலிருந்து பாதம் வரைக்கும் ஒவ்வொரு உறுப்பா பேர் சொல்லி, அதை வேல் காக்கணும்னு கேட்கிற பாட்டு. யோசிச்சுப் பார்த்தா, சாதாரண சனங்களுக்குன்னு தமிழில் கிடைச்ச முழு உடல் கவசம் அது. காசும் இல்லை, கனமும் இல்லை, வேர்க்கவும் வேர்க்காது.

நிஜமான கவசமும் தமிழில் உண்டு. சங்கப் பாட்டுல அதுக்கு மெய்ம்மறைன்னு ஒரு அருமையான பேர் இருக்கு. மெய்யை மறைப்பது, அவ்வளவுதான். பதிற்றுப்பத்துல சேர அரசர்களையே அவங்க வீரர்களோட மெய்ம்மறைன்னு புகழ்றாங்க. அதாவது வீரனுக்குக் கவசம் அவனோட ராஜாதான். புறநானூற்றின் 13ஆம் பாட்டுல, யானை மேல வர்ற சோழன் ஒருத்தன் போட்டிருக்கிற கவசம் அம்பு பட்டுச் சிதைஞ்சிருக்கிறதா முடமோசியார் பாடுறார். கவனிங்க, கவசம் போட்டிருக்கிறவன் அரசன். யானைக்குப் பின்னாடி நடந்து வந்தவன் என்ன போட்டிருந்தான்?

அதுக்குப் பதில் நம்ம ஊர்க் கல்லுலதான் இருக்கு.

செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் முழுக்க நடுகற்கள் கொட்டிக் கிடக்குது. (கிருஷ்ணகிரி 2004ல்தான் தருமபுரியிலிருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆச்சு.) 1970களில் நாகசாமி தலைமையில் தமிழகத் தொல்லியல் துறை இந்தப் பக்கமெல்லாம் தேடி அலைஞ்சு, வட்டெழுத்துல இருந்த கல்வெட்டுகளைப் படிச்சு வெளியிட்டாங்க. பெரும்பாலும் ஒரே விஷயம்தான். தொறு, அதாவது மாட்டு மந்தையை, யாரோ ஓட்டிக்கிட்டுப் போறாங்க. ஒருத்தன் மீட்கப் போறான். மந்தை மீளுது, அவன் மீளலை. ஊர் கல் நடுது. இலக்கணத்துல இதுக்கு வெட்சி, கரந்தைன்னு திணையே பிரிச்சு வெச்சிருக்காங்க. கல்லைத் தேர்ந்தெடுக்கிறதுல தொடங்கி வாழ்த்துற வரைக்கும் ஆறு படிநிலையைத் தொல்காப்பியம் வரிசையா சொல்லுது.

எல்லாரும் சாதாரண ஊர்க்காரங்கன்னு சொல்லிட முடியாது. சிலர் ஏதோ ஒரு சிற்றரசனோட சேவகன்னு கல்லுலயே எழுதியிருக்கு. ஆனா காட்டோரத்துல புலியை எதிர்த்துச் செத்தவனுக்கும் கல் உண்டு, அதைப் புலிக்குத்திக் கல்னு சொல்வாங்க. செங்கம் பக்கம் எடுத்தனூர்ல 7ஆம் நூற்றாண்டுக் கல் ஒண்ணு, திருட வந்தவங்களைக் கடிச்சு நின்ன கோவிவன்ங்கிற நாயையும் சேர்த்துப் பதிவு செஞ்சிருக்கு. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். ஓசூர் ரோட்டுக்குப் பக்கத்துல இருக்கிற பேகூர்ல, 'பெங்களூரு'ங்கிற பேரைச் சொல்ற பழைய கல்வெட்டு இருக்கே, சுமார் 900ஆம் ஆண்டைச் சேர்ந்தது, அதுவும் ஒரு சண்டையில செத்தவனுக்கு எடுத்த வீரக்கல்தான். ஐடி கம்பெனிக்கு நாம தினம் போற வழியெல்லாம் அந்தக் காலத்துல மாட்டுச் சண்டை நடந்த பூமிங்க.

இனி சிற்பத்துக்கு வருவோம். பெரும்பாலான கல்லுல ஒரே தோற்றம்தான். கையில வாளோ வில்லோ, இன்னொரு கையில சின்னக் கேடயம், இடுப்புல குறுவாள், கீழே ஒரு துணி. உடம்புல அங்கங்கே அம்பு தைச்சிருக்கும். மார்பு மட்டும் வெறுமனே இருக்கும். சிற்பிக்குக் கவசம் செதுக்கத் தெரியாமலா? குறுவாளோட பிடியையும் கொண்டையையும் நுணுக்கமா செதுக்கின கை அது.

இரும்பு இல்லாத ஊரும் இல்லை இது. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில அகழாய்வு செஞ்சு, அங்கே கி.மு. 2172லேயே இரும்பு புழக்கத்துல இருந்ததுன்னு 2022ல் அறிவிச்சாங்க. நாலாயிரம் வருஷமா இரும்பு தெரிஞ்ச மண். அந்த இரும்பு கலப்பைக்குப் போச்சு, வாளுக்குப் போச்சு. மாடு மீட்கப் போனவன் மார்புக்கு மட்டும் வரலை. விலை ஒரு காரணம். மே மாச வெயில்ல கனத்தைச் சுமந்துக்கிட்டு மாட்டுக்குப் பின்னாடி ஓட முடியாதுங்கிறது இன்னொரு காரணம்.

மூணாவது காரணமும் இருக்கும்னு எனக்குத் தோணுது. நமக்குக் கவசம் மேல பெரிய மரியாதை கிடையாது. கவச குண்டலத்தோட பிறந்த கர்ணனை எதுக்காகக் கொண்டாடுறோம்? அதை அறுத்துக் கொடுத்ததுக்காக. நெஞ்சுல பட்ட காயம் விழுப்புண், பெருமை. முதுகுல புண்பட்டதுக்கு வெட்கப்பட்டு வடக்கிருந்து உயிரை விட்ட சேரன் கதை நமக்குத் தெரியும். இப்படி ஒரு ஊர்ல "நான் அடிபடாம வீட்டுக்கு வரணும்"னு ஒருத்தன் யோசிச்சா அவனுக்கு என்ன பேர் கிடைச்சிருக்கும்? டீக்கடையில எனக்குக் கிடைச்ச சிரிப்பு ரொம்பப் பழைய சிரிப்புன்னு தோணுது.

அடுத்து திப்பு. கிருஷ்ணகிரிக் கோட்டையைச் சுத்தின பாராமகால் 1792 வரைக்கும் அவன்கிட்டதான் இருந்தது. பல அடுக்குத் துணி வெச்சு மெத்தை மாதிரி தைச்ச கவசமும் தலைக்காப்பும் அவனோடதுன்னு பிரிட்டன் அருங்காட்சியகங்கள்ல வெச்சிருக்காங்க. துணியா, அது எதைத் தடுக்கும்னு நினைக்காதீங்க. அடுக்கடுக்கான இழை வெட்டோட வேகத்தை வாங்கிப் பக்கவாட்டுல பரப்பிடும். ஆனா 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த ராத்திரி, திப்புவோட உடலைப் பிணக்குவியல்ல தேடிப் பார்த்த மேஜர் ஆலன் எழுதி வெச்ச குறிப்புப்படி, உடம்புல இருந்தது மெல்லிய வெள்ளைச் சட்டை. கையில ஒரு தாயத்து. கவசம் வெச்சிருந்தவனுக்கே கடைசி நாள்ல அது உடம்புல இல்லை.

சரி, ராஜாவும் சிப்பாயும் இல்லாத ஆளுங்க தங்களுக்குன்னு கவசம் தேடினது எப்போ? எனக்குப் பிடிச்ச மூணு பேரைச் சொல்றேன்.

முதல் ஆள் ஆஸ்திரேலியாவின் நெட் கெல்லி. போலீஸ் தேடின கொள்ளைக்காரன். கலப்பைத் தகட்டை அடிச்சு வளைச்சுக் கவசம் செஞ்சான். கனம் சுமார் 44 கிலோ. 1880 ஜூன்ல கிளென்ரோவன்ல போலீஸோட மோதினப்போ நெஞ்சுல பட்ட குண்டெல்லாம் தெறிச்சது. காலை மூட மறந்துட்டான். போலீஸ் காலைப் பார்த்துச் சுட்டாங்க. முடிஞ்சது.

ரெண்டாவது ஆள் ஒரு பாதிரியார், சிகாகோவுல இருந்த கசிமிர் செக்லென். 1893ல் அந்த ஊர் மேயரை வீட்டுலயே சுட்டுக் கொன்னுட்டாங்க. அதுக்கப்புறம் பட்டுத் துணியை நெருக்கமா நெய்து குண்டைத் தடுக்கிற சட்டை செஞ்சார். ஆனா பட்டு விலைக்கு அதையும் பணக்காரங்கதான் வாங்க முடிஞ்சது.

மூணாவது ஆள் நம்ம ஜாதி, டெலிவரி பாய்! அமெரிக்காவின் டெட்ராய்ட்ல பீட்சா கொண்டுபோன ரிச்சர்ட் டேவிஸ் 1969ல் துப்பாக்கிச் சண்டையில மாட்டி குண்டடிபட்டார். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி ஸ்டெஃபனி க்வோலெக்ங்கிற வேதியியலாளர் ட்யூபான்ட் கம்பெனியில கண்டுபிடிச்ச கெவ்லார் இழை பின்னாடி இவர் தொழிலுக்குக் கைகொடுத்தது. சட்டைக்கு உள்ளே போடுற மாதிரி மெல்லிசான கவசத்தை விற்க, தன் மேல தானே நூறு தடவைக்கு மேல சுட்டுக் காட்டினார் மனுஷன்.

கதை அங்கே சுபமா முடியலை. அவரோட கம்பெனி இன்னும் மெல்லிசா வேணும்னு சைலான்ங்கிற புது இழைக்கு மாறினது. அது சூட்டுலயும் ஈரத்துலயும் வலு இழக்கும்னு பின்னாடிதான் வெளியே வந்தது. 2003ல் கவசம் போட்டிருந்த ஒரு போலீஸ்காரர் குண்டு உள்ளே பாய்ஞ்சு செத்தார். 2005ல் அமெரிக்க அரசு சைலான் கவசங்களுக்குக் கொடுத்த சான்றை ரத்து செஞ்சது. உடம்புச் சூடும் வேர்வையும் தாங்காத கவசத்தை மனுஷன் எங்கேங்க போடுறது?

வசதி இருந்தும் போடாம விட்ட கதைக்கு நம்ம நாட்டுலயே பெரிய உதாரணம் உண்டு. இந்திரா காந்திக்குக் குண்டு துளைக்காத உடை போடச் சொல்லி அறிவுரை இருந்தது. 1984 அக்டோபர் 31 காலையில, டிவி பேட்டி கொடுக்கக் கிளம்பினப்போ அதைப் போடலை.

இதையெல்லாம் படிச்சதுல எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். மூடின இடத்தை மட்டும்தான் கவசம் காக்கும், அதுவும் போட்டிருக்கிற நாள்ல மட்டும்.

என் ஜாக்கெட்டும் அப்படித்தான். ஐரோப்பிய விதிப்படி இந்தக் கை, தோள் பேடுகளை 50 ஜூல் அடி கொடுத்துச் சோதிப்பாங்க. உள்ளே கடக்கிற விசை சராசரியா 35 கிலோநியூட்டனுக்குள்ள இருந்தா முதல் நிலை, 20க்குள்ள இருந்தா இரண்டாம் நிலை. லாரி ஏறினா எந்த நிலையும் காப்பாத்தாது. தார் ரோட்டுல தேய்ச்சுக்கிட்டே போறதுல இருந்து காப்பாத்தும்.

அதை ஏன் வாங்கினேன்னு டீக்கடையில நான் சொல்லலை. போன வருஷம் என் ரூம்மேட் சூளகிரி தாண்டி ஜல்லியில சறுக்கி விழுந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான், தலைக்கு ஒண்ணும் ஆகலை. மேலே டி-ஷர்ட். தோள்ல இருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் இல்லை. தொடையில இருந்து தோல் எடுத்து வெச்சுத் தைச்சாங்க. மூணு மாசம் நான்தான் அவனுக்குச் சட்டை மாட்டி விட்டேன். ஒருநாள் பட்டன் போட்டுக்கிட்டு இருக்கும்போது சொன்னான், "ஜாக்கெட் ஒண்ணு பார்த்து வெச்சிருந்தேன்டா. ஆபீஸ்ல கிண்டல் பண்ணுவாங்கன்னு வாங்கலை."

அந்த மியூசியத்துல வெறும் மார்போட நிக்கிறவனைப் பார்த்தப்போ எனக்கு இவன் ஞாபகம்தான் வந்தது. அவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா. கல்லுக்குப் பூ போட்டிருப்பா. கல் நடுறதுக்கு ஆறு படிநிலை வெச்ச ஊர், கிளம்பும்போது அவனுக்கு என்ன மாட்டி விட்டுச்சு?

நேத்தும் ஜாக்கெட்டோடதான் டீ குடிக்கப் போனேன். அண்ணன் "படையெடுப்பு முடிஞ்சுதா தம்பி?"ன்னார். ரூம்மேட் கதையைச் சொன்னேன். கிளாஸைக் கழுவிக்கிட்டே கேட்டுட்டு, "எவ்வளவு ஆச்சு? என் பையனும் அத்திப்பள்ளிக்கு வண்டியிலதான் போறான்"ன்னு கேட்டார்.

உங்க ஊர்ப்பக்கம் நடுகல் இருந்தா அடுத்த தடவை கொஞ்சம் உத்துப் பாருங்க. அவன் மேல கவசம் ஏதாவது தெரிஞ்சா அவசியம் எனக்குச் சொல்லுங்க. நான் தப்புன்னு தெரிஞ்சா சந்தோஷப்படுவேன்.