தலசீமியா: ரத்தம் ஏற்றியும் சோர்வு போகலையா?

ரத்தம் ஏற்றி ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். ஆனாலும் உடம்பு அசதியாவே இருக்கும். "ஹீமோகுளோபின் குறைஞ்சிருக்கும், அடுத்த தடவை ஏத்தினா சரியாயிடும்" என்று விட்டுவிடுவோம். தலசீமியாவுடன் வாழும் பெரியவர்களுக்கு வேறொரு காரணமும் இருக்கலாம்: தைராய்டு சுரப்பி.

ரத்தத்துக்கும் தைராய்டுக்கும் என்ன சம்பந்தம்?

இரும்புச்சத்துதான். ஒவ்வொரு பை ரத்தத்திலும் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கும். உடல் ஒரு நாளில் வெளியேற்றுவதோ 1 அல்லது 2 மில்லிகிராம். மிச்சம் கல்லீரல், இதயம், தைராய்டு ஆகியவற்றில் படிகிறது. தைராய்டை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியையும் அது விடுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, தைராய்டு ஹார்மோன் குறையலாம்.

அறிகுறிகள் என்ன?

- தீராத சோர்வு
- குளிர் தாங்க முடியாமை
- மலச்சிக்கல், வறண்ட தோல்
- காரணமில்லாமல் எடை கூடுவது

இவற்றில் சில ரத்தசோகையிலும் வரும். சிலருக்கு அறிகுறியே தெரியாது. அதனால் பரிசோதனை முக்கியம்.

எந்தப் பரிசோதனை?

அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் போதாதா? போதாது. பிட்யூட்டரி பாதிக்கப்பட்டிருந்தால் டி.எஸ்.எச். அளவு சரியாக இருப்பதுபோல் காட்டக்கூடும்.

சிகிச்சை உண்டா?

உண்டு. ஹார்மோன் குறைவாக இருந்தால் லெவோதைராக்ஸின் மாத்திரை தருவார்கள். காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். கால்சியம் மாத்திரையும் எடுக்கிறீர்களா? இரண்டுக்கும் நடுவே 4 மணிநேரமாவது இடைவெளி விடுங்க. இரும்பை வெளியேற்றும் மருந்தையும் நிறுத்தக்கூடாது. ஆரம்பக் கட்டப் பாதிப்பாக இருந்தால், இரும்பு குறையும்போது தைராய்டும் தேற வாய்ப்புண்டு.

கவனிக்காமல் விட்டால், இரும்பால் ஏற்கனவே சிரமப்படும் இதயத்துக்குச் சுமை கூடும். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே தைராய்டைப் பரிசோதிப்பது நல்லது.

படிவம் 4-இல் 'கேரியர்' என்று முடிவு வந்தவர்கள்?

பயப்பட வேண்டாம். மரபணுவைச் சுமப்பவர்களுக்கு ரத்தம் ஏற்றத் தேவையில்லை. அதனால் இந்த வகை இரும்புச் சேர்மானமும் இல்லை.

ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் அடுத்த முறை கிளினிக் போகும்போது டாக்டரிடம் கேளுங்க: "எனக்குக் கடைசியா எப்போ தைராய்டு டெஸ்ட் எடுத்தோம்?"