சொந்த நாட்டுக்குப் போக 178 மீட்டர்

வங்கதேச வரைபடத்துல வடமேற்கு மூலையைக் கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க. லால்மோனிர்ஹாட் மாவட்டம் ஒரு சுண்டுவிரல் மாதிரி இந்தியாவுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த விரலோட நகம்தான் பாட்கிராம். உபஜிலா, அதாவது நம்ம ஊர்த் தாலுகா மாதிரி. சுமார் 260 சதுர கிலோமீட்டர், தர்லா ஆறு, சோளம், புகையிலை, அவ்வளவுதான். ரயில் பாதை புரிமாரியில முடிஞ்சிடும். வெள்ளைக்காரன் காலத்துல இதே பாதை எல்லை தாண்டி சங்கராபாந்தா வழியா மால்பஜார் தேயிலைத் தோட்டங்கள் வரைக்கும் போச்சு. 1971 போர்ல முக்தி வாகினியோட 6வது செக்டர் தலைமையகம் இயங்கினதும் இந்தப் புரிமாரியிலதான்.

ஆனா பாட்கிராம் எனக்குப் பிடிச்சுப்போனது வேற காரணத்துக்காக. சிட்மஹால்! ஒரு நாட்டுக்குள்ள தீவு மாதிரி மாட்டிக்கிட்ட இன்னொரு நாட்டு நிலம். 2015 ஜூலை 31 நள்ளிரவு வரைக்கும் வங்கதேசத்துக்குள்ள 111 இந்தியத் துண்டுகள், இந்தியாவுக்குள்ள 51 வங்கதேசத் துண்டுகள் மாத்திக்கிறதுக்காகக் காத்துக்கிட்டு இருந்துச்சு. அந்த 111ல 59 லால்மோனிர்ஹாட்ல, அதுலயும் பெரும்பாலானவை பாட்கிராம்ல. கொஞ்சம் மேற்கே, பஞ்சகர் மாவட்டத்துல, தஹலா காக்ராபாரின்னு ஒரு சணல் வயல். வங்கதேசம் (இந்தியா (வங்கதேசம் (இந்தியா))). அடைப்புக்குறி எல்லாம் சரியா மூடிட்டேனான்னு ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். தொழில் புத்தி :-)

இது எப்படி வந்துச்சுன்னு கேட்டா எல்லாரும் ஒரு கதை சொல்லுவாங்க. கூச் பிஹார் ராஜாவும் ரங்பூர் நவாபும் சதுரங்கம் ஆடினாங்களாம், கிராமங்களைப் பந்தயம் வெச்சாங்களாம். நானும் ரொம்ப நாளா டீக்கடையில இதை அடிச்சு விட்டுக்கிட்டுதான் இருந்தேன். பிரெண்டன் வைட் 2002ல வெளியிட்ட ஆய்வைப் பத்திப் படிச்சப்புறம் வாயை மூடிக்கிட்டேன்.

நிஜக் கதையில சதுரங்கப் பலகையே கிடையாது. முகலாயர்களுக்கும் கூச் பிஹாருக்கும் நடந்த சண்டை 1713 உடன்படிக்கையோட முடிஞ்சுது. போதா, பாட்கிராம், பூர்வபாக்னு மூணு சக்லாக்கள் முகலாயர் கைக்குப் போச்சு. ஆனா அதுக்குள்ள சில நிலங்களைக் கூச் பிஹார் ஆட்கள் விட்டுக் குடுக்கல. அதே மாதிரி கூச் பிஹாருக்குள்ள சில நிலங்கள்ல முகலாயப் படை ஆட்கள் உட்கார்ந்துக்கிட்டாங்க. வேடிக்கை என்னன்னா, கைவிட்டுப் போன அந்த மூணு சக்லாவுக்கும் ஜமீன்தாரா இருந்து வரி கட்டினதும் கூச் பிஹார் மகாராஜாதான். ஒரு வயல்ல ராஜா, வரப்பைத் தாண்டினா ஜமீன்தார்!

அன்னைக்கு எல்லைங்கிறது வரி யாருக்குப் போகுதுங்கிற கணக்கு மட்டும்தான். சனங்க பாட்டுக்குச் சந்தைக்குப் போனாங்க, பொண்ணு குடுத்தாங்க, எடுத்தாங்க. அதனால சதுரங்கக் கதை மேல எனக்கு இப்பல்லாம் கோபம்கூட வருது. பழியைப் பழைய ராஜாக்கள் தலையில போட்டுட்டு நம்ம காலத்து ஆட்களைத் தப்பிக்க விட்டுடுது. 1947 பிரிவினையில ஜல்பாய்குரி மாவட்டத்துல இருந்து பாட்கிராம் உட்பட 5 தாணாக்கள் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போச்சு. 1949ல கூச் பிஹார் இந்தியாவோட சேர்ந்துச்சு. 1952ல பாஸ்போர்ட், விசா வந்துச்சு. கதவு சாத்தினது அப்பதான். விசா வாங்க ஊரைத் தாண்டணும், ஊரைத் தாண்ட விசா வேணும். சுத்தமான டெட்லாக். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எதுவா இருந்தாலும் பொய் முகவரிதான். பிள்ளையைச் சேர்க்க அப்பா பேரையே மாத்திச் சொன்ன குடும்பங்கள் இருந்துச்சு.

தீர்வு யாருக்கும் தெரியாம இல்ல. 1958 நேரு-நூன் ஒப்பந்தத்துலயே நிலத்தை மாத்திக்கலாம்னு எழுதியாச்சு. பேருபாரியைப் பிரிச்சுக் குடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேணும்னு 1960ல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. (2008ல கச்சத்தீவுக்காக ஜெயலலிதா கோர்ட்டுக்குப் போனப்ப எடுத்துக்காட்டினதும் இதே பேருபாரி தீர்ப்பைத்தான்.) 1974ல இந்திரா-முஜிப் ஒப்பந்தம். வங்கதேசம் அதே வருஷம் ஒப்புதல் குடுத்துடுச்சு. நம்ம பக்கம் 100வது திருத்தம் 2015லதான். 41 வருஷம்!

இதுல பாட்கிராமோட தனிக் கதை தஹக்ராம்-அங்கர்போதா. வங்கதேச நிலம், ஆனா சுத்தி இந்தியா. தாய்நாட்டைத் தொட நடுவுல 178 மீட்டர் இந்திய மண். பேரு தீன் பிகா, அதாவது மூணு பிகா. வங்காளக் கணக்குல மூணு பிகா சுமார் ஒரு ஏக்கர்தான் வரும். குத்தகைக்கு எழுதினது 178க்கு 85 மீட்டர், மூணேமுக்கால் ஏக்கர் கிட்ட. பேரும் அளவும்கூட ஒத்துப் போகல பாருங்க.

1974ல ஒத்துக்கிட்ட பாதை, 1992 ஜூன் 26ல திறந்துச்சு. அதுவும் பகல்ல மட்டும், ஒரு மணி நேரம் திறப்பு, ஒரு மணி நேரம் மூடல். 2001ல பகல் முழுக்க 12 மணி நேரம். 24 மணி நேரமும் திறந்தது 2011லதான். அதுவரைக்கும் ராத்திரி பிரசவ வலி வந்தா, பாம்பு கடிச்சா, பாட்கிராம் ஆஸ்பத்திரிக்குப் போற வழி விடியற வரைக்கும் பூட்டு.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லணும். பாதையைக் குடுத்துட்டா நாம தீவாயிடுவோம்னு பயந்தவங்க குச்லிபாரி இந்தியர்கள். அவங்க போராட்டத்துல துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போச்சு. தஹக்ராம்காரங்க நாப்பது வருஷத்துக்கு மேல அனுபவிச்சதைத்தானே அவங்களும் பயந்தாங்க? அந்தப் பயத்தைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

2015ல மத்த துண்டுகளை மாத்திக்கிட்டப்ப, 111ல இருந்து இந்தியாவுக்கு வந்தவங்க ஆயிரம் பேருக்கும் கம்மி. 51ல இருந்து வங்கதேசம் போறேன்னு ஒருத்தர்கூட எழுதிக் குடுக்கல. தஹக்ராமை மட்டும் மாத்தல, பாதைதான் இருக்கேன்னு. குச்லிபாரி தீவாகவும் இல்ல. இந்திய ரோடும் வங்கதேச ரோடும் தீன் பிகாவுக்கு நடுவுல ஒண்ணையொண்ணு குறுக்கா வெட்டிக்குது, நம்ம ஊரு நாலு ரோடு மாதிரி.