மல்லேஸ்வரத்து நீர்வழி

பின்னாளில் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவிய ஏகோஜி, 1669-இல் மல்லபுரத்து மல்லிகார்ஜுன சுவாமிக்கு ஒரு கிராமத்தை மானியமாக அளித்த செய்தியைக் கல்வெட்டொன்று கூறுகிறது. அந்த மல்லபுரமே, 1898-இல் பெங்களூரைப் பீடித்த பிளேக் நோய்க்குப் பின், அகன்ற வீதிகளோடு விஸ்தரிக்கப்பெற்ற இன்றைய மல்லேஸ்வரம். காடு மல்லேஸ்வரர் ஆலயத்துக்கு எதிரே, நந்தியின் வாயினின்று லிங்கத்தின்மீது இடையறாது விழும் தீர்த்தத்தை, விருஷபாவதி நதியின் பிறப்பிடங்களுள் ஒன்றாக ஊரார் போற்றுவர். அத்தீர்த்தத்தைக் கையில் ஏந்தும்போதெல்லாம், அந்நதி போகும் வழியை எண்ணி என் மனம் கலங்குகிறது.

நகரத்துக் கழிவையெல்லாம் சுமந்துகொண்டு விருஷபாவதி அர்க்காவதியில் கலக்க, அர்க்காவதி சங்கமத்தில் காவிரியை அடைய, காவிரி ஒகேனக்கல்லில் வீழ்ந்து மேட்டூருக்கு இறங்குகிறது. 1974 முதல் பெங்களூர் பருகிவருவதும், அச்சங்கமத்துக்கு மேலே எடுக்கப்படும் காவிரி ஜலமே.

வெயிலில் நைந்த பிளாஸ்டிக் பையும், துவைக்கும்போது உதிரும் செயற்கை நூலும், 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த சூட்சுமத் துகள்களாகி இவ்வழியே செல்கின்றன. பாசி படர்ந்த துகளை இரையென்று நீரின் சிற்றுயிர்கள் விழுங்க, அவற்றைக் குஞ்சு மீனும், குஞ்சு மீனைப் பெரிய மீனும், அதனை நீர்க்காகமும் மனிதனும் உண்கின்றனர். பெரும்பாலான துகள்கள் மலத்தோடு வெளியேறிவிடும். மிக நுண்ணியவையோ குடற்சுவரைக் கடந்து தசையிலும் ஈரலிலும் தங்கவல்லவை. அயிரை மீனைப் பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, முழுதாகவே குழம்பிலிடுவது நம் பாட்டிமார் கண்ட பக்குவம். உடம்புக்குள் ஊடுருவிய துகளை அயிரை எப்படிக் கக்கும்?

1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, மல்லேஸ்வரத்துப் பஞ்சவடி இல்லத்தில் வாழ்ந்த சர் சி. வி. இராமன், 1928-இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவே இன்று இத்துகள்களை இன்னதென்று இனங்காட்டுகிறது. அவர் இயக்குநராயிருந்த இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சியாளர்கள், காவிரியின் கிருஷ்ணராஜசாகர அணை நீரை அம்முறையால் சோதித்து, பிளாஸ்டிக் துகள்களும் நச்சு ரசாயனங்களும் இருக்கக் கண்டு 2022-இல் வெளியிட்டனர். அங்கே தேங்கிய நீரில் வளர்த்த வரிக்குதிரை மீன் கருக்களில் எலும்புக் கோணலும் இதயப் பழுதும் தோன்றின, இறப்பும் மிகுந்தது; கிருமிகளை வடிகட்டி நீக்கிய பின்னும் அவ்வாறே நேர்ந்தது. அந்த நீர் எடுக்கப்பட்டதோ, விருஷபாவதியின் கழிவு காவிரியைத் தொடுவதற்கு வெகு மேலே.