மனுவுக்குள் ஒளிந்த ஆணை

நம் கலெக்டர் அலுவலகங்களின் பழைய கோப்பு முறைக்கு டாட்டன்ஹாம் முறை என்று பெயர். வெளியிலிருந்து வரும் மனு, கடிதம் எல்லாம் நடப்புக் கோப்பில் சேரும். அலுவலகக் குறிப்பும் அதிகாரியின் உத்தரவும் குறிப்புக் கோப்பில் இருக்கும். "உடனே பட்டா வழங்கவும்" என்று ஒருவர் தம் மனுவிலேயே எழுதினாலும் அது மனுதான், உத்தரவு ஆகாது. இந்த வேறுபாடு இல்லாமல் போனதால் இணையம் பட்ட பாட்டைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

இணையப் பக்கத்தில் படிக்க வேண்டிய எழுத்தும் கணினிக்கான கட்டளையும் ஒரே தாளில் கலந்தே வருகின்றன. இது கட்டளை என்று காட்டச் சிறுகோணக் குறி ஒன்றுதான் அடையாளம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்த நாளில், சொல்வதெழுதுதலில் ஆசிரியர் "புவான்" என்பார். முற்றுப்புள்ளி வை என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்த பையன் அதையும் ஒரு சொல்லாகவே எழுதிவிடுவான். கணினி செய்வது நேர் எதிர்த் தவறு. யாரோ எழுதிய சொல்லைக் கட்டளை என்று எண்ணி நிறைவேற்றிவிடும்.

இதற்கு 2000 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்கள் கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்று பெயர் வைத்தார்கள். பிப்ரவரி 2-ஆம் தேதி அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்த செர்ட் மையம் எச்சரிக்கை விடுத்தது. இதில் சேமிக்கப்பட்ட வகை மிகவும் பொல்லாதது. நம் கரிசலில் புரட்டாசியில் புழுதியில் போட்ட விதை மழைக்காகக் காத்திருப்பதுபோல, அது தளத்தின் சேமிப்பிலேயே கிடக்கும். பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொருவர் கணினியிலும் முளைக்கும்.

2005 அக்டோபர் 4 அன்று சாமி கம்கார் என்ற 19 வயது இளைஞர் மைஸ்பேஸ் தளத்தில் தம் சுயவிவரத்துக்குள் அப்படி ஒரு கட்டளையை வைத்தார். அதைப் பார்த்தவர் பக்கத்திலும் "சாமிதான் என் ஹீரோ" என்ற வாசகமும் அந்தக் கட்டளையும் தாமாகவே ஒட்டிக்கொண்டன. ஒரே நாளுக்குள் பத்து லட்சம் பக்கங்களுக்கு மேல் பரவித் தளத்தையே மூட வேண்டியதாயிற்று. ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லை மைஸ்பேஸ் தடைசெய்துதான் வைத்திருந்தது. அவர் அதை இரண்டு வரியாக உடைத்து எழுதினார், காவல் ஏமாந்தது.

நம் பிள்ளைகள் விரும்பிய ஆர்குட்டும் தப்பவில்லை. 2010 செப்டம்பர் 25, சனிக்கிழமை. போர்த்துகீசிய மொழியில் "நல்ல சனிக்கிழமை" என்று பொருள்படும் செய்தி பிரேசிலிலும் இந்தியாவிலும் பரவியது. செய்தியைப் பார்த்தாலே போதும், நண்பர்களுக்கெல்லாம் அது தானாகப் போய்ச் சேர்ந்தது.

இன்று ஊர்க் கோயிலுக்கும் பள்ளிக்கும்கூட வேர்ட்பிரஸ் போன்ற ஆயத்த மென்பொருளில் தளம் அமைக்கிறார்கள். வெளியார் அனுப்பும் செய்தியில் கட்டளை ஒளிந்திருந்து, நிர்வாகி அதைத் திறந்தால், அவர் அதிகாரத்திலேயே அது வேலை செய்யும். நன்கொடை போய்ச் சேரும் வங்கிக் கணக்கு எண்ணைக்கூட மாற்றிவிடலாம். நஷ்டம் திருப்பணிக்குப் பணம் அனுப்பும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான்.

காப்பு என்ன? கெட்ட சொற்களுக்குப் பட்டியல் போட்டால் போதாது என்பதை சாமி காட்டிவிட்டார். எதையெல்லாம் அனுமதிக்கலாம் என்றுதான் பட்டியல் வேண்டும். பக்கத்தில் காட்டும்போது கோணக் குறியை வெறும் எழுத்தாக மாற்றிக் காட்ட வேண்டும். மென்பொருளையும் அதில் சேர்த்த துணை நிரல்களையும் உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டும். தேவையில்லாத துணை நிரலை நீக்கிவிட வேண்டும். நிர்வாகி அதிகாரத்தை ஓரிருவருக்கு மேல் கொடுக்கக் கூடாது.

உங்கள் ஊர்த் தளத்தை நடத்தும் தம்பியிடம், "கடைசியாக எப்போது புதுப்பித்தாய்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க வேண்டியது நம் பொறுப்பு.