பொறாமை: ஆக்கமும் அழிவும்

பிறரிடம் உள்ள சிறப்பு தன்னிடம் இல்லையே என்று எழும் மனவலி பொறாமை. இதன் பழைய பெயர் அழுக்காறு. அதை விலக்குவதற்கென்றே திருக்குறளில் 17ஆம் அதிகாரம் உள்ளது. ஆனால் எல்லாப் பொறாமையும் ஒன்றல்ல. அவனுக்குக் கிடைத்துவிட்டதே என்ற வேதனையையும் தனக்குக் கிடைக்கவில்லையே என்ற வேதனையையும் அரிஸ்டாட்டில் பிரித்துக் காட்டி, பின்னதை நல்லோர்க்குரியது என்றார். டச்சு மொழியில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்களே உண்டு. நெதர்லாந்து உளவியலாளர் நீல்ஸ் வான் டி வென் சக ஆய்வாளர்களுடன் 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஒன்று தன்னை உயர்த்திக்கொள்ளவும் மற்றது எதிராளியைக் கீழே இழுக்கவும் தூண்டுவதாகக் காட்டியது.

வலி இரண்டிலும் உண்டு. மனம் கசக்கிறது என்பதை மட்டும் வைத்து வகையைக் கண்டுகொள்ள முடியாது. கவனம் எங்கே போகிறது என்றுதான் பார்க்க வேண்டும். வகுப்புத் தோழி கணக்கில் 100 வாங்கிவிட்டாள். ஒருத்தி அவளுடைய நோட்டை இரவல் வாங்கி, வழிமுறைகளை வரிவரியாகப் போட்டுப் பார்க்கிறாள். இன்னொருத்தி, அவள் டியூஷன் போகிறவள்தானே என்று எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாள். தோழி அடுத்த தேர்வில் சறுக்கினால் உள்ளூர மகிழ்கிறாள். அந்த மகிழ்ச்சியே அழிக்கும் பொறாமையின் தெளிவான அடையாளம். வெற்றி தகுதியால் வந்தது, தன்னாலும் முடியும் என்று தோன்றும்போது பொறாமை பெரும்பாலும் ஆக்கமாகிறது. அநியாயமாக வந்தது என்று தோன்றினால் கசப்பாகத் திரிகிறது.